வாளுக்கு எந்த உலோகம்?

இணையக் கற்பனை விளையாட்டில் ஆட்டக்காரர் வெட்டியெடுக்கும் இரும்புக்கு எடை கிடையாது, சூடு கிடையாது, துருவும் பிடிக்காது. சர்வரில் அது ஓர் எண். திரையில் ஒரு சின்னப் படம். அப்படியிருந்தும் அதற்காக மணிக்கணக்கில் பாறையைத் தட்டுபவர்கள் இருக்கிறார்கள். சந்தையில் அதன் விலை ஏறி இறங்குகிறது. அதைச் சுமந்து செல்பவரை வழிமறித்துப் பறிக்கவும் ஆள் இருக்கிறது. இந்த மதிப்பு முழுக்க விதிகள் தருவது. எங்கே கிடைக்கும், யார் எடுக்கலாம், எதனோடு சேரும், எதில் போய்த் தீரும் என்ற நான்கும் முடிவான பிறகே அந்த எண் இரும்பாகிறது. ஆகவே ஒரு வாளுக்கு மூலப்பொருள் தேர்ந்தெடுக்கும் வடிவமைப்பாளர், அந்த வாள் ஒருவர் கைக்கு வருமுன் யார் யார் எங்கெங்கே போக வேண்டும், யாரை நம்பியிருக்க வேண்டும் என்பதையே தேர்ந்தெடுக்கிறார்.

பெயரும் படிவரிசையும்

முதல் வேலை பெயர் வைப்பது. செம்பு, வெண்கலம், இரும்பு, எஃகு என்ற வரிசையில்தான் பெரும்பாலான விளையாட்டுகள் தொடங்குகின்றன. வெண்கல வாளைவிட எஃகு வாள் உசத்தி என்று எந்தப் புதியவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எஃகுக்கு மேலே போகும்போது இலக்கியமும் புராணமும் கைகொடுக்கின்றன. மித்ரில் டோல்கீனின் கற்பனை. 1954-இல் வெளிவரத் தொடங்கிய ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வழியே பரவியது. ஒரிகால்கம், பிளேட்டோ தம் ‘கிரிட்டியாஸ்’ உரையாடலில் அட்லாண்டிஸ் தீவின் செல்வமாகக் குறிப்பிடும் உலோகம். அடமன்ட் கிரேக்கப் புராணத்திலிருந்து வந்தது.

இரவல் வாங்கிய இந்தப் பெயர்களுக்கு நிலையான இடம் இல்லை. ரூன்ஸ்கேப்பில் மித்ரில் நடுப்படி; அதற்கு மேலே அடமன்டும் ரூனும் இருக்கின்றன. கில்ட் வார்ஸ் 2-இல் அது அன்றாடம் புழங்கும் உலோகம், ஒரிகால்கம்தான் உச்சம். அதே ஒரிகால்கம் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனின் பத்துப் படிகளில் மூன்றாவதாக, எஃகுக்கு அடுத்து நிற்கிறது. அங்கே எட்டாம் படி பாதரசம். சாதாரண வெப்பத்தில் திரவமாக ஓடும் பாதரசத்தைப் பாளமாக வார்த்து வாள் அடிப்பதைப் பற்றி எந்த ஆட்டக்காரரும் கவலைப்படுவதில்லை. அவருக்கு வேண்டியது வரிசை: இதற்கு முன் எது, இதற்குப் பின் எது.

வரிசையைக் கண்ணுக்குக் காட்ட நிறம் உதவும். 1997-இல் வெளியான அல்டிமா ஆன்லைனில் சாதாரண இரும்புக்கு மேல் எட்டு வண்ணத் தாதுக்கள் சேர்ந்தன. அவற்றில் முதல் படியான மங்கல் செம்பை எடுக்கச் சுரங்கத் திறன் 65 வேண்டும். பிறகு ஐந்தைந்தாக ஏறி, கடைசிப் படியான நீல நிற வாலரைட்டுக்கு 99 வேண்டும். கவசம் எந்த உலோகத்தில் அடிக்கப்பட்டதோ அந்த நிறத்தை எடுத்துக்கொள்ளும். தெருவில் எதிரே வருபவர் எதை அணிந்திருக்கிறார் என்பது தூரத்திலேயே தெரிந்துவிடும். அபூர்வமான பொருளைப் பிறர் கண்ணில் படும்படி அணிய முடிவதால் அதற்குத் தனி விலை கிடைத்தது.

செய்முறையின் கணக்கு

பெயருக்கு அடுத்தது அளவு. இதைப் படிக்க நல்ல இடம் ஜேகெக்ஸ் நிறுவனம் 2001 ஜனவரியில் வெளியிட்ட ரூன்ஸ்கேப். அதன் பழைய வடிவம் 2013 முதல் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்று தனியாக நடந்துவருகிறது. கீழே வரும் கணக்கு அதனுடையது.

ஒரு செம்புத் தாதும் ஒரு வெள்ளீயத் தாதும் சேர்ந்தால் ஒரு வெண்கலப் பாளம். நிஜ வெண்கலத்தில் வெள்ளீயம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். விளையாட்டு அந்த வேதியியலைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டைச் சேர்த்தால் மூன்றாவது ஒன்று பிறக்கும் என்று புதியவருக்குப் புரியவைக்க ஒன்றுக்கு ஒன்று போதும். இரும்பு வேறொரு பாடம் சொல்கிறது: உருக்கும்போது தாதில் சரிபாதி வீணாகும். எஃகுக்கு ஓர் இரும்புத் தாதும் இரண்டு நிலக்கரியும் வேண்டும். அதற்கு மேலே தாது ஒன்றாகவே நிற்க, நிலக்கரி மட்டும் ஏறுகிறது: மித்ரிலுக்கு நான்கு, அடமன்டைட்டுக்கு ஆறு, ரூனைட்டுக்கு எட்டு.

அபூர்வமான தாதுக்குப் பதில் நிலக்கரியை ஏற்றியதில் நல்ல கணக்கு இருக்கிறது. ரூனைட் பாறைகள் உலகத்தில் மிகக் குறைவு. ஒரு பாளத்துக்கு நான்கு ரூனைட் என்று வைத்திருந்தால் அந்தச் சில பாறைகளைச் சுற்றிக் கூட்டமும் சண்டையும் மட்டுமே மிஞ்சும். நிலக்கரிக்கோ பஞ்சமில்லை, சுரங்கத் திறன் 30 வந்தவுடன் வெட்டலாம். உச்சப் படிக் கொல்லருக்கு விற்க நடுப்படிச் சுரங்கக்காரரிடம் ஒரு சரக்கு கிடைக்கிறது. உழைப்பு கூடியது, நெரிசல் கூடவில்லை.

நிலக்கரி பையையும் அடைக்கிறது. ஆட்டக்காரரின் பையில் 28 இடங்கள். நிலக்கரிப் பையோ, பாதி நிலக்கரியில் உருக்கித் தரும் பெரிய உலையோ இல்லாதவர் எஃகுக்கான சரக்கை எடுத்துப்போனால் ஒரு நடையில் 9 பாளம் வார்க்கலாம். ரூனைட் என்றால் ஒரு பாளத்துக்கே 9 இடம் போய்விடும். ஒரு நடைக்கு 3 பாளம்தான். மார்புக் கவசத்துக்கு 5 பாளம் வேண்டும் என்பதால் வங்கிக்கும் உலைக்கும் இரண்டு நடை. செய்முறையில் எழுதப்படும் ஒவ்வொரு எண்ணும் இப்படி யாரோ ஒருவரின் நடையாக மாறுகிறது.

இதே விளையாட்டு ஒரு பொருத்தமின்மைக்கும் உதாரணம். ரூன் மார்புக் கவசத்தை அணியத் தற்காப்புத் திறன் 40-உம் ஒரு டிராகன் வதைப் பணியை முடித்திருப்பதும் போதும். அதை அடிக்கவோ கொல்லத் திறன் 99 வேண்டும். அதாவது 1,30,34,431 அனுபவப் புள்ளிகள். அந்த உயரத்துக்கு வந்தவர் இந்தக் கவசத்தை எப்போதோ தாண்டிப் போயிருப்பார். அதனால் செய்து முடித்த கவசம் பெரும்பாலும் உடம்புக்குப் போவதில்லை. உயர் ரசவாத மந்திரத்தால் 39,000 காசாக மாற்றப்படுகிறது. சந்தை விலை அந்தத் தொகையை ஒட்டியே ஊசலாடுகிறது. செய்பவரின் படியும் அணிபவரின் படியும் விலகிப்போனால் கைவினைப் பொருள் நாணயம் அச்சிடும் வழியாகிவிடும் என்பதை இது காட்டுகிறது. ரூன்ஸ்கேப்பின் புதிய கிளை 2019 ஜனவரியில் சுரங்கத்தையும் கொல்லுவேலையையும் திருத்தியமைத்தது. ரூன் உலோகம் 50-ஆம் படிக்கு இறங்கியது. அதற்கு மேலே புதிய உலோகங்கள் வந்து, செய்யும் படியும் அணியும் படியும் நெருங்கின.

ஊருக்கு ஊர்

ஒரு பொருளை முழுக்க ஒருவரே தனியாகச் செய்ய முடிந்தால் சந்தை உருவாகாது. அவரால் எதையுமே தனியாகச் செய்ய முடியாவிட்டால் புதியவர் மூன்றாம் நாளே விலகிவிடுவார். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதை மூலப்பொருள்தான் தீர்மானிக்கிறது.

பெர்லினைச் சேர்ந்த சாண்ட்பாக்ஸ் இன்டராக்டிவ் 2017-இல் வெளியிட்ட ஆல்பியன் ஆன்லைன் இதில் கவனிக்கத்தக்கது. அங்கே ஆயுதமும் கவசமும் ஏறக்குறைய முழுக்க ஆட்டக்காரர்கள் கையால் செய்தவை. மூலப்பொருள் ஐந்தே வகை: மரம், தாது, நார், தோல், கல். வகையைக் குறைவாக வைத்து, அவற்றுக்கு இடையிலான பிணைப்பை வலுவாக்கியிருக்கிறார்கள். நான்காம் படிப் பாளத்துக்கு இரண்டு நான்காம் படித் தாதும், ஒரு மூன்றாம் படிப் பாளமும் வேண்டும். ஐந்தாம் படிக்கு மூன்று தாதும் ஒரு நான்காம் படிப் பாளமும். ஆறாம் படிக்கு நான்கு தாதும் ஒரு ஐந்தாம் படிப் பாளமும். எட்டாம் படி வரை இப்படியே சங்கிலி போகிறது. மேல்படிப் பாளம் ஒவ்வொன்றிலும் கீழ்ப்படித் தாதுக்கள் அடங்கியிருப்பதால், நேற்றுச் சேர்ந்தவர் வெட்டும் தாதுக்கும் வாங்க ஆள் உண்டு. இந்தச் சங்கிலி இல்லாத விளையாட்டுகளில் மேல்படி வந்தவுடன் கீழ்ப்படிச் சரக்கு தேங்கிவிடுகிறது.

நான்காம் படி அகல்வாளுக்கு 16 உலோகப் பாளமும் 8 தோலும் தேவை. கைப்பிடிக்குத் தோல் என்பது பார்வைக்குச் சரி. அதைவிட முக்கியமானது, சுரங்கக்காரர் தம் சரக்கை மட்டும் வைத்துக்கொண்டு வாள் அடிக்க முடியாது என்பது. அவர் ஒரு வேட்டைக்காரரிடம் போயாக வேண்டும்.

நகரங்களின் அமைப்பும் இதே நோக்கத்தைச் சேர்ந்தது. காட்டுப் பகுதியில் இருக்கும் லிம்ஹர்ஸ்ட் நகரைச் சுற்றி மரம் மிகுதி. ஆனால் அந்த நகரின் பதப்படுத்தும் சலுகை நாருக்கு. நார் மிகுந்த சதுப்பு நிலத்தில் இருக்கும் தெட்ஃபோர்டின் சலுகை தாதுக்கு. தாது மிகுந்த மலைப்பகுதியின் ஃபோர்ட் ஸ்டெர்லிங்குக்கு மரத்தில் சலுகை. விளைகிற ஊரில் பதப்படுத்தினால் லாபம் குறையும். லாபம் வேண்டுமானால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். வழியில் கொள்ளைக்காரர், கொள்ளைக்கு அஞ்சிக் காவலர், காவலருக்குக் கூலி என்று ஒரு தொழிலே அதிலிருந்து முளைக்கிறது.

சந்தையைத் திறப்பது போலவே அடைக்கவும் மூலப்பொருளைப் பயன்படுத்தலாம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2022 நவம்பரில் வெளியிட்ட ‘டிராகன்ஃபிளைட்’ தொகுப்பில் உச்சக் கவசங்களுக்கு ‘ஸ்பார்க்’ என்ற ஒரு பொருள் வேண்டும். அதை வாங்கவோ விற்கவோ முடியாது. அவரவர் தாமே விளையாடிச் சேர்க்க வேண்டும். அதைக் கைவினைஞரிடம் கொடுத்துச் செய்துவாங்கத் தனி ஆர்டர் முறை வந்தது. மற்றச் சரக்கெல்லாம் காசுக்குக் கிடைத்தாலும் இந்த ஒன்று கிடைக்காததால், பணக்காரர் முதல் நாளே முழுக் கவசத்தையும் வாங்கி மாட்டிக்கொள்ள முடியவில்லை.

ஒரு பொருளுக்கு ஒரு வேலை

செய்முறை நீளும்போது ஆட்டக்காரர் குழம்புவது எண்ணிக்கையால் அல்ல. எந்தப் பொருள் எதற்கு என்று தெரியாததால்தான். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் (2014) இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறது. உலோகப் பாளம் ஆயுதத்தின் படியைத் தீர்மானிக்கும். பாணிப்பொருள் தோற்றத்தைத் தீர்மானிக்கும்: பிரெட்டன் பாணிக்கு மாலிப்டினம், ஆர்க் பாணிக்கு மாங்கனீசு, வன எல்ஃப் பாணிக்கு எலும்பு. பண்புக்கல் சிறப்பு இயல்பைத் தரும். கூர்மைக்கு ஒரு கல், துல்லியத்துக்கு வேறு கல். கடைசியாகச் சாணைக்கல், எண்ணெய், கலவை முதலான மெருகுப்பொருட்கள் தரத்தை உயர்த்தும். ஒரே வாளுக்கு நான்கு வகைப் பொருள் போகிறது. ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. எதை மாற்றினால் எது மாறும் என்பதில் ஐயமே வராது.

இந்தப் பிரிவினை வடிவமைப்பாளருக்கும் வசதி. புதிய தோற்றம் ஒன்றைச் சேர்க்கப் புதிய பாணிப்பொருள் போதும். சண்டையின் சமநிலை அசையாது. உச்சப் படியை அருமையாக்கவும் புதிய உலோகம் வேண்டியதில்லை. அங்கே ஆயுதத்தின் கடைசி இரண்டு நிலைகளுக்கும், பத்தாம் படியான ரூபிடைட் என்ற ஒரே உலோகம்தான். கடைசி நிலைக்கு மட்டும் பத்து மடங்கு தேவை.

தரம்

ஒரே பெயரில் பல தரங்கள் இருக்கலாமா என்பது அடுத்த கேள்வி. மிக விரிவாக இதைச் செய்துபார்த்தது ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ். 2003 ஜூன் முதல் 2011 டிசம்பர் வரை நடந்த அது விண்வெளிக் கற்பனையாக இருந்தாலும் கைவினை வடிவமைப்பில் எல்லோருக்கும் பாடநூல். அங்கே ஒரு தாதுப்படுகைக்குக் கடத்துதிறன், வளைதன்மை, வெப்பந்தாங்கும் திறன், ஒட்டுமொத்தத் தரம் முதலான பண்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 1000 வரை மதிப்பெண். படுகை சில நாள் இருந்துவிட்டு மறையும். அதே சேர்க்கை மறுபடி வருவது அபூர்வம். ஒவ்வொரு செய்முறையும் தனக்கு வேண்டிய பண்புகளுக்கு மட்டும் எடை கொடுத்துக் கணக்கிடும். துப்பாக்கிக்கு உதவாத எஃகு கவசத்துக்கு அருமையாக இருக்கலாம். தேர்ந்த கைவினைஞர்கள் நல்ல படுகை தென்பட்டதும் அதை அள்ளிக் குவித்து வைத்தார்கள். பழைய நல்ல சரக்கு கையிலிருப்பதே அவர்களுடைய மூலதனம். ‘யார் செய்தது’ என்று கேட்டு வாங்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது.

இந்த முறைக்கு விலை உண்டு. ஆயிரக்கணக்கான சரக்குவகை, நிறைந்த கிடங்குகள், கணக்கு எழுதாமல் விளையாட முடியாத நிலை. அதனால் பின்வந்தவர்கள் தரத்தைச் சில படிகளாகச் சுருக்கினார்கள். ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் சாதாரணம், உயர்தரம் என்று இரண்டே தரம். உயர்தரப் பொருளை இட்டால் செய்யும் வேலை பூஜ்யத்திலிருந்து தொடங்காமல், ஏற்கெனவே ஓரளவு தரத்தோடு தொடங்கும். இரண்டு தரத்துக்கும் பையில் தனித்தனி இடம் போனது. 2021 டிசம்பரில் வந்த 6.0 பதிப்பு, சேகரிக்கும் பொருட்களில் உயர்தரத்தையே நீக்கிவிட்டது. கையால் செய்த பொருட்களில் மட்டும் அது தொடர்கிறது. டிராகன்ஃபிளைட் எதிர்த்திசையில் போய், மூலப்பொருளுக்கு மூன்று தரமும் முடிந்த பொருளுக்கு ஐந்து தரமும் வைத்தது. எத்தனை தரம் வைத்தாலும் உரைகல் ஒன்றுதான்: இரண்டு தரங்களுக்கு இடையிலான வேறுபாடு ஆட்டக்காரரின் முடிவை மாற்ற வேண்டும். மாற்றாத தரம் வெறும் பைச்சுமை.

வெளியேறும் வழி

உள்ளே வரும் சரக்கு வெளியேறவும் வேண்டும். அல்டிமா ஆன்லைன் தொடக்கத்தில் மூடிய பொருளாதாரமாகத் திட்டமிடப்பட்டது. உலகத்தின் மொத்தச் சரக்கும் ஒரே அளவு. பயன்பட்டுத் தீர்ந்தது திரும்பவும் தாதுவாகவும் விலங்காகவும் முளைக்கும். ஆட்டக்காரர்கள் எதையும் தீர்க்காமல் வீட்டில் அடுக்கி வைத்தார்கள். சுழற்சிக்குத் திரும்ப வேண்டியது பெட்டிகளில் முடங்கியது. உலகத்தில் புதிதாக எதுவும் முளைக்காத நிலை வந்தது. கடைசியில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, புதுச் சரக்கு தொடர்ந்து பிறக்கும் முறைக்கு மாறினார்கள். அதன்பின் வந்த விளையாட்டுகள் பெரும்பாலும் இப்படித் திறந்துவிட்ட குழாய்தான்; அடியில் வடிகால் இல்லாவிட்டால் தொட்டி வழியும், விலை சரியும்.

வடிகால்கள் பல வகை. ஆல்பியனின் சிவப்பு, கறுப்பு மண்டலங்களில் சக ஆட்டக்காரரிடம் தோற்றவர் உடைமையை இழக்கிறார். அதில் ஒரு பகுதி யாருக்கும் கிடைக்காமல் அழிந்தே போகிறது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் ஆயுதத்தை மெருகேற்றும்போது தோற்றால் ஆயுதமே போய்விடும். முழுத்திறன் பெற்றவர் ஒவ்வொரு தரத்துக்கும் முறையே 2, 3, 4, 8 மெருகுப்பொருள் இட்டால் தோல்வியே வராது. இந்த உறுதிக்காகவே எல்லோரும் கூடுதலாகச் செலவிடுகிறார்கள். கில்ட் வார்ஸ் 2-இல் வேண்டாத உயர்நிலைக் கவசத்தை உடைத்தால் எக்டோபிளாசம் கிடைக்கும். உச்சப் படைப்புகள் அதை நூற்றுக்கணக்கில் விழுங்கும். எந்த வழியானாலும், ஒரு மூலப்பொருளைச் சேர்க்கும் அன்றே அது எதில் தீரும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தேர்வின் வரிசை

நடுப்படி வில்லாளி ஒருவருக்கான வில்லை எடுத்துக்கொண்டால் மேற்சொன்னவை ஒரு வரிசையில் வந்து சேரும். முதலில் பயனாளி: இதே படியில் இருக்கும் தச்சரே இந்த வில்லைச் செய்ய முடிய வேண்டும். அடுத்து முதன்மைப் பொருள்: அந்தப் படிக்குரிய காட்டில் வளரும் மரம், செய்முறையில் பெரும்பங்கு அதுவே. மூன்றாவதாக நாண்: விலங்கின் நரம்பு. வில்லாளிகள் எப்படியும் வேட்டையாடும் விலங்கிடமே அது கிடைத்தால், தச்சருக்கு வில்லாளியும் வில்லாளிக்குத் தச்சரும் தேவைப்படுவார்கள். நான்காவதாகக் கீழ்ப்படிப் பிசின் கொஞ்சம். புதியவர்களின் சரக்கு விலைபோக அது போதும். மூன்று பொருளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அபூர்வப் பொருளைச் சாதாரண வில்லில் சேர்க்காமல், சிறப்புப் பண்பு கொண்ட வில்லுக்கு மட்டும் ஒதுக்கலாம்.

அதன்பின் சோதனைகள். சரக்கைத் திரட்ட ஆகும் நேரத்தைவிட, அடுத்த வில் வரும்வரை இந்த வில் உழைக்கும் நேரம் நன்றாகக் கூடுதலாக இருக்க வேண்டும். அதே நரம்பு எல்லோரும் குடிக்கும் மருந்துக்கும் தேவைப்பட்டால் வில்லின் விலையை மருந்துக்காரர்களே தீர்மானிப்பார்கள். அப்போது வேறு நாண் தேட வேண்டும். மரம் எப்போதும் ஒரே இடத்தில் முளைத்தால் தானியங்கி நிரல்கள் அங்கே வரிசைகட்டி நிற்கும். இடம் மாறி மாறி முளைக்க வேண்டும். பழைய வில்லை உடைத்தால் மரத்தில் ஒரு பங்கு திரும்பலாம், முழுதும் திரும்பக் கூடாது.

வெளியீட்டுக்குப் பிறகு சந்தை விலை சொல்வதைக் கேட்டுத் திருத்த வேண்டிவரும். அப்போது முதலில் தொட வேண்டியது கிடைக்கும் வீதம். அதை மாற்றினால் கையிருப்பு வைத்திருப்பவர் உடனே நஷ்டப்படுவதில்லை. அடுத்தது செய்முறையின் அளவு. அது சேமித்து வைத்தவர் கணக்கைப் புரட்டும் என்பதால் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். மூலப்பொருளையே மாற்றுவது கடைசி வழி. ஏற்கெனவே அதை நம்பி வழித்தடம், கிடங்கு, ஆட்டக்காரர் குழுவுக்குள் வேலைப் பங்கீடு எல்லாம் அமைந்திருக்கும். அப்படி மாற்றும்போது பழைய சரக்குக்கு வேறொரு செய்முறையில் இடம் தந்த பிறகே மாற்ற வேண்டும்.